ஸ்மார்ட் டிவிச் செயலிகள்: எங்கே மக்கர் செய்கின்றன, எப்படிச் சரிசெய்வது, எப்போது கைவிடுவது

ஸ்மார்ட் டிவியை ஒரே பொருளாக வாங்கினாலும் அதற்குள் இருப்பவை இரண்டு. ஒன்று திரை. நல்ல திரை பத்து ஆண்டு சளைக்காமல் உழைக்கும். இன்னொன்று, திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கணினி. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் ஓடுவது அதில்தான். நான்கைந்து ஆண்டிலேயே அது திணறத் தொடங்கிவிடும். "டிவி பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும்போது, உண்மையில் பழசானது பெரும்பாலும் அந்தக் கணினி மட்டுமே. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சிக்கலுக்கு வழி கிடைத்துவிடும். நல்ல திரையைத் தூக்கி எறியவும் வேண்டியிருக்காது.

பட்ஜெட், நடுத்தர ரக டிவிகளில் 1.5 முதல் 2 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பிடம் என்பது வழக்கமான அளவு. அந்த 8 ஜிபியில் ஏறத்தாழ பாதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அப்டேட்டிலும் செயலிகளின் எடை கூடுகிறது. டிவிக்குள் இருக்கும் சிப் அப்படியே இருக்கிறது. வாங்கிய புதிதில் சட்டென்று திறந்த செயலி, சில ஆண்டு கழித்து அரை நிமிடம் யோசிப்பது இதனால்தான்.

இன்னொரு குறை நம் கையில் இல்லாதது. செயலி டிவிக்குள் இருந்தாலும் அதன் உயிர் எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் அந்தச் செயலி செத்துப்போனது. 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங், விசியோ டிவிகளிலும் டிவியில் மாட்டும் தொடக்ககால ரோக்கு ஸ்ட்ரீமிங் சாதனங்களிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால் கூகுளின் ஸ்ட்ரீமிங் சாதனமான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் நின்றன. கூகுள் அப்டேட் அனுப்பிய பிறகுதான் உயிர் பெற்றன. இந்த மூன்றிலும் பயன்படுத்தியவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை. ஆகவே எதையும் கழற்றி மாட்டுவதற்கு முன், கோளாறு யார் பக்கம் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

முதல் படி: கோளாறு எங்கே?

டிவி பயன்படுத்தும் அதே வைஃபையில் கைபேசியை இணைத்து, டிவிக்குப் பக்கத்திலேயே நின்று, அதே செயலியில் அதே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. கைபேசியிலும் திணறினால் கோளாறு இணைப்பில் அல்லது அந்தச் சேவையில். கைபேசியில் சுத்தமாக ஓடி டிவியில் மட்டும் திணறினால், டிவியில் வேறொரு செயலியைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு செயலி மட்டும் சண்டித்தனம் செய்தால் அதன் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) அல்லது பதிப்பு காரணம். எல்லாச் செயலிகளும் திணறினால் டிவியின் வைஃபை, நினைவகம் அல்லது சிப்.

இதைவிட நுட்பமான சோதனை யூடியூப் செயலிக்குள்ளேயே இருக்கிறது. வீடியோ ஓடும்போது அமைப்புகளுக்குள் போய் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்குங்கள். திரை ஓரத்தில் சில எண்கள் தோன்றும். இரண்டை மட்டும் பார்த்தால் போதும். 'பஃபர் ஹெல்த்' என்பது முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் வீடியோ எத்தனை நொடி என்று சொல்கிறது. அது சரிந்து பூஜ்யத்தைத் தொடும்போது படம் நின்றால் இணைப்புதான் குற்றவாளி. பஃபர் இருபது முப்பது நொடி தாராளமாக இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடி, 'டிராப்டு ஃப்ரேம்ஸ்' (காட்ட முடியாமல் விட்டுப்போன காட்சிச் சட்டங்கள்) எண் ஏறிக்கொண்டே போனால் டிவியின் சிப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த நிலையில் இணைய வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. அதிக வேகத் திட்டத்துக்கு மாறும் முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: உண்மையான ரீஸ்டார்ட்

ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினால் டிவி அணைவதில்லை, தூங்கத்தான் போகிறது. 'குயிக் ஸ்டார்ட்' போன்ற வசதி இயங்கினால் நினைவகத்தில் தேங்கியதெல்லாம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனவே:

சாம்சங்கில் ரிமோட்டின் பவர் பட்டனை, டிவி அணைந்து மீண்டும் லோகோ தெரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கூகுள் டிவியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரீஸ்டார்ட். பழைய ஆண்ட்ராய்டு டிவியில் 'அபவுட்' பகுதிக்குள் ரீஸ்டார்ட் இருக்கும். ஃபயர் டிவியில் நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து ஐந்து நொடி. ரோக்குவில் ஹோம் ஐந்து முறை, மேல் அம்பு ஒரு முறை, ரீவைண்ட் இரண்டு முறை, ஃபாஸ்ட் ஃபார்வர்ட் இரண்டு முறை. எல்ஜியில் 'குயிக் ஸ்டார்ட் பிளஸ்' வசதியை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

எந்த டிவியானாலும் பிளக்கைப் பிடுங்குவது பலன் தரும். ஆனால் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதைச் செய்யாதீர்கள். பாதி எழுதிய இயங்குதளத்தோடு டிவி லோகோவிலேயே நின்றுவிடக்கூடும்.

ரீஸ்டார்ட் ஆனதும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். இது பலர் கண்ணில் படாத காரணம். செயலி சர்வரோடு பேசும்போது பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது. டிவி தன்னை 2018இல் இருப்பதாக நினைத்தால் வைஃபை இணைந்திருந்தும் எல்லாச் செயலிகளும் "இணைப்பு இல்லை" என்று சொல்லும். நேரத்தை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். அதன் பிறகும் தவறாகவே காட்டினால் கையால் திருத்துங்கள்.

மூன்றாம் படி: இணைப்பு

எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது. யூடியூப் 4கேக்கு 20 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது. இவை டிவி இருக்கும் இடத்தில் கிடைக்க வேண்டிய வேகம். திட்டத்தில் எழுதியிருக்கும் வேகம் அல்ல. டிவியில் பிரவுசர் இருந்தால் அதிலேயே வேகச் சோதனை செய்யுங்கள். நெட்ஃபிளிக்ஸ் செயலியின் உதவிப் பகுதியிலும் இணைப்புச் சோதனை உண்டு. எல்லோரும் இணையம் பயன்படுத்தும் இரவு நேரத்தில் ஒரு முறை, காலையில் ஒரு முறை அளந்தால் வித்தியாசம் தெரியும். இரவில் மட்டும் சரிகிறதென்றால் நெரிசல் வீட்டுக்கு வெளியே இருக்கலாம்.

டேட்டா அளவு வரையறை உள்ள இணைப்பில் இன்னொரு கணக்கும் வேண்டும். 15 எம்பிபிஎஸ் தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்தில் 6.75 ஜிபி போகும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் உச்ச அளவும் 4கேக்கு மணிக்கு 7 ஜிபி, எச்டிக்கு 3 ஜிபி. 'ஆட்டோபிளே' இயங்கிக்கொண்டிருந்து யாரும் பார்க்காமல் நான்கு மணி நேரம் ஓடினால் 28 ஜிபி வரை காலி. அதைக் கணக்கின் அமைப்புகளில் அணைத்துவிடலாம்.

இப்போது வைஃபை. டிவியின் ஆண்டெனா பின்புற உறைக்குள், சுவரைப் பார்த்தபடி ஒளிந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில், இரும்புத் தாங்கியும் கான்கிரீட்டும் சேர்ந்து சிக்னலை அமுக்கிவிடும். அதே இடத்தில் கைபேசிக்கு நான்கு கோடு காட்டும்போது டிவிக்கு இரண்டு காட்டுவது இதனால்தான். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் மறைத்து வைப்பதும் தவறு. திரையின் உலோகத் தகடு குறுக்கே நிற்கும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும். ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில் முட்டிக்கொள்ளும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் கூடியது. சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் அல்லது ஒரு சுவர் இடைவெளியில் இருந்தால் 5ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் டிவி பெரும்பாலும் 2.4ஐப் பிடித்துக்கொண்டு விடாது. ரவுட்டரில் பெயர்களைப் பிரித்து, டிவிக்கு 5ஐ மட்டும் காட்டுங்கள், 2.4ஐ டிவியில் 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள்.

'கைபேசியில் தெரிகிற 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் டிவியில் தெரியவே இல்லை' என்பது அடிக்கடி வரும் புகார். டிவி பழுது இல்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். டிவியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே இல்லாமல் இருக்கலாம். பட்ஜெட் மாடல்களில் இது சகஜம். ரவுட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். ரேடாரோடு பகிரும் அந்தச் சேனல்களைப் பல டிவிகள் தேடுவதில்லை. 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றுக்குக் கையால் மாற்றுங்கள். அல்லது ரவுட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும்படி இருக்கலாம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றினால் டிவி இணையும். 2.4இல் இருந்தாக வேண்டிய நிலை என்றால் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததைப் பயன்படுத்துங்கள்.

கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்மார்ட் டிவியில் இதில் ஒரு நெளிவு உண்டு. விலை உயர்ந்த மாடல்கள் உட்படப் பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. கையில் கிடைப்பது ஏறத்தாழ 94. வேகச் சோதனையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். ஸ்ட்ரீமிங்குக்கு 94 தாராளம்; கேபிள் தருவது வேகத்தைவிட நிலைத்தன்மை. வீட்டிலேயே சர்வர் வைத்து, 4கே புளூரேயின் முழுத் தரக் கோப்புகளை ஓட்டுபவருக்கு மட்டுமே 100 போதாது. அவற்றின் உச்ச வேகம் அதைத் தாண்டும்.

டிவியின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டிய பிறகு வைஃபை மந்தமானால், டிஸ்க்கை 2.0 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழுகிறது.

வைஃபை வலுவாக இருந்தும் சில செயலிகள் மட்டும் முகப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் காரணமாக இருக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் மட்டும் 'மேனுவல்' ஆக்கி 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுங்கள். ஐபி முகவரியைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: இடம், நினைவகம்

சேமிப்பிடத்தில் காலியிடம் 1 ஜிபிக்குக் கீழே போனாலே செயலிகள் அப்டேட் ஆக மறுக்கும், தானாக மூடிக்கொள்ளும். பார்க்காத செயலிகளை நீக்குங்கள். தொழிற்சாலையிலேயே பதித்து வந்தவற்றை நீக்க முடியாது. ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் அவற்றுக்கு 'டிசேபிள்' கொடுக்கலாம், அப்டேட்டுகளை 'அன்இன்ஸ்டால்' செய்யலாம். சிஸ்டம் செயலிகளின் பெயர் புரியாவிட்டால் கை வைக்காதீர்கள்.

'கிளியர் கேஷ்' செய்தால் தற்காலிகக் கோப்புகள் போகும். லாகின் அப்படியே இருக்கும். 'கிளியர் டேட்டா' செய்தால் லாகின், டவுன்லோடு, அமைப்புகள் எல்லாம் போகும். முதலில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்', பிறகு கேஷ், அப்படியும் தீராவிட்டால் மட்டும் டேட்டா, கடைசியாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் டேட்டாவை அழித்துவிட்டு விழிப்பவர்கள் ஏராளம்.

சாம்சங்கில் செயலிப் பட்டியலின் அமைப்பில் 'ரீஇன்ஸ்டால்' உண்டு. அது போதாவிட்டால் 'ரீசெட் ஸ்மார்ட் ஹப்'. மாற்றாதவரை பின் எண் 0000. அது எல்லாச் செயலிகளையும் கணக்குகளையும் துடைத்துவிடும். எல்ஜியில் செயலிவாரியாகக் கேஷ் அழிக்கும் வசதி இல்லை; நீக்கி நிறுவுவதே வழி.

ஆண்ட்ராய்டு டிவியில் பென் டிரைவை உள் சேமிப்பிடமாக மாற்றலாம் என்பது உண்மைதான். செய்தால் டிரைவில் உள்ளது எல்லாம் அழியும், அதைப் பிடுங்கினால் அங்கே இருக்கும் செயலிகள் நின்றுபோகும், மலிவான டிரைவ் என்றால் டிவி முன்பைவிட மந்தமாகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் சற்று வேகம் கூட்ட 'அபவுட்' பகுதியில் 'பில்டு' என்பதை ஏழு முறை அழுத்தி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, மூன்று 'அனிமேஷன் ஸ்கேல்' அமைப்புகளையும் 0.5 ஆக்கலாம். மெனுக்கள் சுறுசுறுப்பாகத் தோன்றும், வீடியோ மாறாது.

4கே டிவியில் 4கே வராதது

இதற்குச் சங்கிலிபோல் பல கண்ணிகள். சந்தா 4கே தரும் திட்டமா? கணக்கில் 'டேட்டா சேவர்' இயங்குகிறதா? அந்தப் படம் 4கேயில் இருக்கிறதா? இவை சரி என்றால் சாதனத்தைப் பாருங்கள்.

யூடியூப் தன் 4கே வீடியோக்களை விபி9, ஏவி1 ஆகிய முறைகளில்தான் சுருக்கித் தருகிறது. விபி9 தெரியாத தொடக்ககால 4கே டிவிகளில் 1080பிக்கு மேல் ஏறாது, அப்டேட்டால் தீராது. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 சான்று இருந்தால்தான் எச்டியும் 4கேயும். எல்3 மட்டும் உள்ள சான்றில்லா பெட்டிகளில் படம் 480பியில் மங்கலாக ஓடும். பெட்டியின் அட்டையில் '8கே' என்று அச்சிட்டிருந்தாலும் இதுதான் நிலை.

வெளிச் சாதனம் மாட்டியிருந்தால் எச்டிஎம்ஐ போர்ட் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டை ஏற்க வேண்டும். எச்டிஆர் (ஒளி, நிற வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) வேண்டுமென்றால் போர்ட்டின் முழுத் திறனைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மேட்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்'. பல மாடல்களில் இது அணைந்த நிலையில் வருகிறது.

படம் தெளிவாக இருந்தும் கேமரா நகரும்போது தத்தித் தத்திப் போனால் அது பஃபரிங் அல்ல. திரைப்படம் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. சமமாகப் பங்கிட முடியாததால் தத்தல். 'மேட்ச் ஃப்ரேம் ரேட்' இருந்தால் இயக்குங்கள். மாறாகப் படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் 'மோஷன் ஸ்மூத்திங்' வகை வசதியை அணையுங்கள், அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோடு' தேர்ந்தெடுங்கள்.

ஒலி

டிவிச் செயலியின் ஒலி சவுண்ட்பாருக்குப் போக, 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் எச்டிஎம்ஐ கேபிள் இருக்க வேண்டும். வேறு போர்ட்டில் மாட்டினால் சத்தமே வராது. சாதனங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் எச்டிஎம்ஐ சிஇசியும் இயங்க வேண்டும். சாம்சங்கில் அது 'எனிநெட் பிளஸ்', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. ஸ்ட்ரீமிங்கில் வரும் டால்பி அட்மாஸ் சுற்றொலி, டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் இருப்பதால் சாதாரண ஏஆர்சியே அதைச் சுமக்கும், டிவியும் அதை அனுப்பத் தெரிந்ததாக இருந்தால். ஆப்டிகல் கேபிள் அதைச் சுமக்காது.

உதடும் ஒலியும் ஒத்துப்போகாவிட்டால் ஒலி வெளியீட்டை 'பாஸ்த்ரூ', 'பிசிஎம்' என மாற்றி மாற்றிப் பாருங்கள். பிறகு 'ஏவி சிங்க்' தாமதத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். பென் டிரைவில் உள்ள படத்தில் காட்சி வந்து ஒலி மட்டும் வராவிட்டால் கோப்பின் ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும். சாம்சங் 2018 முதல் அதை விட்டுவிட்டது. கணினியில் ஒலியை மட்டும் ஏசி3க்கு மாற்றினால் தீர்ந்தது.

கைபேசியிலிருந்து டிவிக்கு

'காஸ்ட்' செய்யும்போது கைபேசி முகவரியை மட்டும் கொடுக்கிறது. வீடியோவை டிவியே நேராக இறக்கிக்கொள்கிறது. கைபேசித் திரையை அணைத்தாலும் ஓடும். 'ஸ்கிரீன் மிரரிங்' அப்படியல்ல. கைபேசித் திரையையே நொடிக்கு நொடி படமெடுத்து அனுப்புவதால் தாமதமும் மங்கலும் உண்டு, பேட்டரியும் கரையும். சந்தா சேவைகள் பல மிரரிங்கில் கறுப்புத் திரை காட்டும். டிவி காஸ்ட் பட்டியலில் தெரியாவிட்டால், இரண்டும் ஒரே ரவுட்டரில்தானா, ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் வசதி) இயங்குகிறதா, கைபேசியில் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

ரிமோட்டால் எழுத்து எழுத்தாகப் பாஸ்வேர்டு அடிக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான செயலிகள் திரையில் ஒரு குறியீடு அல்லது க்யூஆர் காட்டும். கைபேசியில் ஏற்கெனவே லாகின் ஆன கணக்கில் அதைக் கொடுத்தால் போதும். குறியீட்டின் ஆயுள் சில நிமிடங்கள்தான். வாடகைக்குப் படம் எடுக்கும் வசதி உள்ள கணக்கில், குழந்தைகள் கைக்கு ரிமோட் போகும் முன் பர்ச்சேஸ் பின் போட்டுவிடுங்கள்.

டிவி உங்களைப் பார்ப்பது

பல ஸ்மார்ட் டிவிகளில் 'ஏசிஆர்' என்ற வசதி இருக்கிறது. திரையில் ஓடுவதைச் சிறு சிறு கைரேகைகளாக எடுத்து, என்ன நிகழ்ச்சி என்று சர்வரில் அடையாளம் காண்கிறது, விளம்பரத்துக்குப் பயன்படுகிறது. 1.1 கோடி டிவிகளில் அனுமதியில்லாமல் இப்படிச் சேகரித்ததற்காக 2017 பிப்ரவரியில் விசியோ நிறுவனம் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்துடன் 22 லட்சம் டாலர் சமரசத்துக்கு வந்தது. டிவியை வெறும் எச்டிஎம்ஐ திரையாகப் பயன்படுத்தினாலும் ஏசிஆர் வேலை செய்வதை 2024இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அணைத்தால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடுவதையும் அதே ஆய்வு உறுதி செய்தது. ஆகவே அணைப்பது வீண் வேலை அல்ல.

சாம்சங்கில் தனியுரிமைப் பகுதியில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்'. எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. ஒப்பந்தப் பகுதியில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' என்பதையும் எடுத்துவிடுங்கள். சோனி உள்ளிட்ட சிலவற்றில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி'. ரோக்குவில் தனியுரிமைக்குள் 'யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்'. பெரிய அப்டேட் அல்லது ரீசெட்டுக்குப் பிறகு மறுபடி சரிபாருங்கள். ஒப்பந்தத் திரை மீண்டும் வரும்போது 'அக்செப்ட் ஆல்' அழுத்திவிடுவது எளிது.

எப்போது டிவியின் செயலிகளைக் கைவிடுவது

முக்கியச் செயலி ஒன்று நின்றுபோனால், அல்லது மேலே சொன்ன எல்லாம் செய்தும் டிராப்டு ஃப்ரேம்ஸ் ஏறினால், அந்தக் கணினியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்டிக் அல்லது பெட்டி மாட்டினால் திரைக்கு மறு ஆயுள் கிடைக்கும். புதிய டிவி வாங்குவதைவிட இதுவே எங்கள் பரிந்துரை, திரையில் கோடோ கறையோ இல்லாதவரை.

தேர்ந்தெடுக்கும்போது குறைந்தது 2 ஜிபி ராம், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை, ஏவி1 ஆதரவு, வைட்வைன் எல்1 அல்லது அதற்கு இணையான சான்று ஆகியவற்றைப் பாருங்கள். "எல்லாச் சேனலும் இலவசம்" என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வீட்டுக்குள் விடாதீர்கள். பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் வலை இத்தகைய பெட்டிகளில் புகுந்து, வீட்டு இணைப்பையே மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதாக 2025 ஜூனில் எஃப்பிஐ எச்சரித்தது. சில பெட்டிகளில் தீநிரல் விற்பனைக்கு வரும் முன்பே பதிந்திருக்கிறது. ரீசெட் செய்தாலும் போகாது.

ஸ்டிக்கை டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து இயக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரையறை 500 மில்லி ஆம்பியர். ஸ்டிக் சுமை ஏறும்போது கூடுதலாகக் கேட்கும், கிடைக்காமல் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கூட வரும் சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளையும் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டிக்கை டிவியின் வெப்பத்திலிருந்தும் உலோகத் தகட்டிலிருந்தும் சற்றுத் தள்ளி வைத்தால் வைஃபையும் வலுப்படும். கடைசியாக டிவியின் சொந்த வைஃபையைத் துண்டித்துவிடுங்கள். ஏசிஆர் தகவல் அனுப்புவதும் முகப்பில் புதிய விளம்பரங்கள் வருவதும் நிற்கும்.

புதிதாக டிவி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 'எத்தனை ஆண்டு இயங்குதள அப்டேட்?' என்று முதலில் கேளுங்கள். சாம்சங் 2024 மாடல்கள் பலவற்றுக்கு ஏழு ஆண்டும், எல்ஜி தன் 'ரீ:நியூ' திட்டத்தில் ஐந்து ஆண்டும் அறிவித்துள்ளன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் சாதனங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை என்று உற்பத்தியாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். காலவரை எதுவும் சொல்லாத மாடலை, செயலிகளுக்காக வாங்காதீர்கள். திரைக்காக மட்டும் வாங்குங்கள்.

பழைய டிவியைக் கொடுக்கும் முன்

ஒவ்வொரு செயலியிலும் லாகவுட் செய்து, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய நெட்ஃபிளிக்ஸ் செயலியில் வெளியேறும் மெனு கிடைக்காவிட்டால் ரிமோட்டில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, மேல், மேல், மேல், மேல் என அழுத்துங்கள். வெளியேறும் தேர்வு தோன்றும். டிவி இயங்கவே இல்லை என்றால் கைபேசியில் ஒவ்வொரு சேவையின் கணக்குப் பக்கத்துக்கும் போய், சாதனப் பட்டியலிலிருந்து அந்த டிவியை நீக்குங்கள். டிவி வழியாக வாடகை, சந்தா எடுத்திருந்தால், டிவி நிறுவனத்தின் கணக்கில் சேமித்த கார்டையும் நீக்குங்கள். அது டிவியில் அல்ல, சர்வரில் இருக்கிறது. ரீசெட் அதைத் தொடாது.